பதினான்கு நிமிட மூச்சு

உலகத்தில் எந்தக் கிற்றார்காரனுக்கும் வராத கேடு எனக்கு வந்தது. நான் வாசித்த இசைத்தட்டு ஒன்றைப் பெர்லினிலும் சென்னையிலும் கொழும்பிலும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். ஆனால் அவர்கள் ஆடுவதெல்லாம் நான் கிற்றாரைத் தொடவே தொடாத ஒரேயொரு துண்டுக்கு.

இசைத்தட்டின் பெயர் ‘ஏழாம் பாத்தி’. 2004இல் மூன்று பேர் சேர்ந்து செய்தோம். நஸீர் ஆகிய நான் கிற்றார். மாம்புரிப் பேதுரு ட்ரம்ஸ், மாதா கோயில் திருவிழா பாண்டில் அடித்துப் பழகிய கை. பேஸ் கிற்றார் நௌஃபர், இப்போது கட்டாரில் இருக்கிறான். எங்கள் ஊர் மாம்புரிக்கு இந்தப் பக்கம், கடல்நீர் தேங்கும் களப்போரமாக இருக்கிறது. உப்பளத்தின் ஏழாம் பாத்திக்குப் பக்கத்தில் யாரும் பாவிக்காத உப்பு ஸ்டோர் ஒன்று அப்போது கிடந்தது. உள்ளே ஒரு கம்பியைத் தட்டினால் சத்தம் நான்கு சுவருக்கும் போய்த் திரும்பி வந்து, அடங்க மனமில்லாமல் நிற்கும். அந்த எதிரொலிக்காகவே இரண்டு வருடம் அங்கே கிடந்தோம். பாட்டு இல்லை, பல்லவி இல்லை. ஒரே சுரத்தை நாலைந்து நிமிடம் இழுத்து, அதன் மேல் இன்னொன்றை ஏற்றி, அது கரைகிற வரைக்கும் காத்திருப்போம். கேட்ட ஊரார், ஜெனரேற்றர் பழுதா என்று விசாரித்தார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

மொத்தம் ஆறு துண்டுகள். முதல் ஐந்தில் என் கிற்றார் இருக்கிறது. விரல் நுனி வெடிக்க வெடிக்க வாசித்தது. ஆறாவதில் பதினான்கு நிமிடத்துக்கு ஒரு மூச்சு மட்டும் போய் வரும். ஏறும், இறங்கும், நடுவில் கொஞ்சம் தடக்கும், பிறகு நீண்டு போகும். பின்னால் காற்று, தூரத்தில் ஒரு காகம். அவ்வளவுதான்.

நௌஃபர் கட்டாருக்குப் போனதும் பொழுது போகாமல் அதை இணையத்தில் ஏற்றினான். பத்து வருடம் ஒரு நாயும் சீண்டவில்லை. பிறகு எங்கேயோ யாரோ கேட்டு, இன்னொருவருக்கு அனுப்பி, அவர் எழுதி, ஊர்ப்பட்ட பேர் எழுதத் தொடங்கினார்கள். எல்லோரும் ஆறாவதைப் பற்றியே எழுதினார்கள். ‘கடல் உறங்கும் சத்தம்’ என்றார் ஒருவர். சிந்தசைசரை இப்படி மூச்சு விடவைத்தவன் யார் என்று கேட்டார் இன்னொருவர். இதைக் கேட்ட பிறகு நாங்கள் பாடுவதையே விட்டுவிட்டோம், இப்போது சூழலின் சத்தத்தை மட்டும் வைத்து இசை செய்கிறோம் என்று ஒரு குழு பேட்டி கொடுத்தது. முதல் ஐந்தைப் பற்றி எழுதிய ஒரே ஆள், ‘ஆறாவதுக்குப் போகுமுன் பொறுத்துக்கொள்ள வேண்டியவை’ என்று எழுதியிருந்தான். அவன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பேனோ தெரியாது.

கடலுமில்லை, சிந்தசைசருமில்லை. அது எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்ன மோதினார், அபூசாலி காக்கா, நித்திரை கொண்ட சத்தம்.

போன மாசி மாதம் ஜேர்மனியில் இருந்து டோபியாஸ் என்று ஓர் இசைத்தட்டுக் கம்பனிக்காரன் போனில் பேசினான். பழைய மாதிரிப் பெரிய கறுப்பு இசைத்தட்டாக ‘ஏழாம் பாத்தி’யை அச்சடிக்கப் போகிறார்களாம். ஒரு பக்கம் முதல் ஐந்தும், மறுபக்கம் ஆறாவதும். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. தட்டு என்றால் முதல் பக்கத்தில்தானே ஊசி வைப்பார்கள்? இருபத்தொரு வருடத்துக்குப் பிறகாவது என் கிற்றாரை நாலு பேர் காது கொடுத்துக் கேட்பார்கள். வேறொன்றும் எனக்கு வேண்டாம். ஆனால் அவன் விடாமல் ஆறாவதைப் பற்றியே கேட்டான். எந்தக் கருவி, என்ன மாதிரிச் செய்தீர்கள் என்று அரை மணித்தியாலம் அறுத்தான். எனக்கு எரிச்சல் பொங்கிவிட்டது.

“அது கருவியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. ஒரு மனிசன் நித்திர கொள்ற சத்தம்!” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கத்திவிட்டேன்.

தவளை தன் வாயால் கெடும். டோபியாஸ் துள்ளிக் குதித்தான். அப்படியென்றால் அந்த மனிதரும் கலைஞர், அவருடைய கையெழுத்து இல்லாமல் தட்டு அச்சடிக்க முடியாது என்றான். அடுத்த நாளே படிவம் வந்தது. நஸீர், பேதுரு, நௌஃபர் என்று மூன்று பெயருக்குக் கீழே நாலாவதாக ஒரு வெறும் கோடு.

அந்தக் கோட்டைத் தாண்ட நான் ஆடிய கூத்து கொஞ்சமில்லை. ஆறாவதை எடுத்துவிட்டு ஐந்தை மட்டும் போடுவோமா என்று கேட்டேன். அப்படியென்றால் தட்டே வேண்டாம் என்றான். சரி, புதிதாக ஒரு மூச்சை நானே தருகிறேன் என்று, வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரைக்குப் போய், என் மனைவி முனவ்வராவைப் பக்கத்தில் மைக்கோடு உட்கார வைத்தேன். அவள் சிரித்துச் சிரித்துப் பாதியைக் கெடுத்தாள். மீதியை அனுப்பினேன். ‘மன்னிக்கவும், இது வெறும் குறட்டை’ என்று பதில் வந்தது. பேதுருவின் நித்திரையையும் பதிந்து பார்த்தோம். அவன் நித்திரையில் தாளம் போடுகிறவன், அதுவும் சரிவரவில்லை.

“இதென்ன வேல?” என்றாள் முனவ்வரா. “அந்த மோதினார் வண்ணாத்திவில்லுலதானே ஈக்காரு. போய்க் கேளுங்களேன். நித்திர கொண்டதுக்கு ஒரு கையெழுத்துத்தானே?”

“ஓனக்குத் தெரியாது, நீ சும்மா ஈ.”

அவளுக்குத் தெரியாதுதான். யாருக்குமே தெரியாது.

அபூசாலி காக்கா தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு பையோடு வந்தவர். ஊருக்கு வந்த அகதிக்குப் பள்ளியில் மோதினார் வேலை கிடைத்தது பெரிய காரியம். நோன்பு மாதத்தில் சஹருக்கு ஆட்களை எழுப்புவதும் அவர்தான். நடுச்சாமம் தாண்டியதும் எழும்பி, பள்ளி ஹோர்ன் ஸ்பீக்கரில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊரைச் சாப்பிட வைப்பார். விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்து ஊர் மறுபடி படுத்துவிடும். அவர் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உப்பளத்துக்குக் கூலிக்குப் போவார்.

பள்ளி அம்பிளிபயரைப் பார்ப்பது என் வேலை. அப்போதும் இப்போதும் லவுட்ஸ்பீக்கர் கடைதான் எனக்குச் சோறு. அந்த அம்பிளிபயரில் ஒரு சிவப்பு லைற் உண்டு. வெளி ஹோர்ன் வேலை செய்தால் பற்றும், நிறுத்தினால் அணையும். 2004 நோன்பு தொடங்குமுன்பே அதன் பல்பு போய்விட்டது. “தம்பி, லைற்று பத்துதில்ல, மைக் போட்டு ஈக்கா இல்லயா எண்டு தெரியுதில்ல” என்று காக்கா மூன்று தரம் சொன்னார். சின்னப் பல்பு. கடை மேசை லாச்சிக்குள் ஒரு பிடி கிடந்தது. எனக்கு ‘ஏழாம் பாத்தி’ முடிக்க வேண்டிய அவசரம். நாளைக்கு, நாளைக்கு என்றேன்.

பதினேழாம் நோன்பு. விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. களப்பின் காற்றைப் பதிவதற்காக நான் ஸ்டோர்க் கூரையில் இரவல் ரெக்கோடரோடு இருந்தேன். அப்போதுதான் ஹோர்னில் அந்த மூச்சு வந்தது. ஊர் முழுக்கக் கேட்டது. எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. மைக்கை நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு காக்கா அதன் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். பள்ளி இரண்டு நிமிட சைக்கிள் ஓட்டம். ஊர் இன்னும் நித்திரையில் கிடந்தது. போய் ஸ்விட்சைத் தட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

நான் ரெக்கோடரைத் தட்டினேன்.

அவ்வளவு அழகான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதுதான் உண்மை, அதை நினைக்க நினைக்க என் மேல் எனக்கே ஆத்திரமாக வரும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தேன். ஏழாம் நிமிடம் அளவில் வீடுகளில் கதவு திறந்தது. பத்தில் ஆட்கள் வாசலில் நின்று சிரிப்பது தெரிந்தது. பதினான்கில் பள்ளித் தலைவர் கத்துவது ஹோர்னில் கேட்டது. அந்த இடத்தில் நிறுத்தினேன்.

அன்று பின்னேரமே நிர்வாகம் கூடியது. “நஸீர், ஸ்விட்ச் பழுதா?” என்று தலைவர் என்னிடம் கேட்டார். “ஸ்விட்ச் நல்லம்” என்றேன். அது பொய்யில்லை. பல்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வெள்ளி அவருக்கு வேலை இல்லை. குறட்டை மோதின் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. அவருடைய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் அப்படியே கூப்பிட்டார்கள். நோன்புப் பெருநாள் முடிய அவர் குடும்பத்தோடு வண்ணாத்திவில்லுக்குப் போய்விட்டார். அவர் போன அன்றைக்கே நான் புதுப் பல்பைப் போட்டேன்.

வேறு வழி எல்லாம் அடைபட்ட பிறகு, ஒரு புதன்கிழமை காலை படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் கிளம்பினேன். கதவைத் திறந்தது அவருடைய மகள் அப்ரா. என்னை அடையாளம் கண்டதும் அவள் முகம் இறுகியது.

“வாப்பா, அந்த ஊர் லவுட்ஸ்பீக்கர் ஆள் வந்தீக்காரு” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அபூசாலி காக்கா கதிரையில் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். மூச்சு இழுக்கும் தொய்வு வருத்தம், மாதத்துக்கு ஒரு தரம் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மருந்தை வாய்க்குள் அடித்துவிட்டு, மூச்சு சரிவரும் வரைக்கும் கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். நான் சுற்றி வளைத்து ஜேர்மனி, தட்டு, கையெழுத்து என்று என்னென்னவோ சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, ஆறாவதைப் போட்டேன்.

கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு நிமிடம் போனதும் கண்ணைத் திறந்தார்.

“இதாரு?”

“நீங்கதான் காக்கா. அந்த நோன்புல, சுபஹுக்குப் பொறகு.”

நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. முழுவதையும் கேட்டார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

“எத்தின நிமிசம்?”

“பதினாலு.”

“நீ எங்க ஈந்தாய்?”

“உப்பு ஸ்டோர்க் கூரையில.”

“சைக்கிள் ஈந்திச்சா?”

“...ஈந்திச்சு.”

அவர் வாசலைப் பார்த்தார். நான் அவசர அவசரமாக, “பல்ப மாத்தாதது என்ட பிழைதான் காக்கா” என்றேன்.

“அது எனக்கு அண்டைக்கே தெரியும். பல்ப நான் எப்பவோ மன்னிச்சிட்டன். மறதி மனிசனுக்கு வாறதுதான்.” மூச்சு வாங்கினார். “இது மறதியில்ல, தம்பி.”

எழும்பிப் போய்விடலாம் என்று படிவத்தை மடித்தேன். அப்போது அவர் ஹெட்போனைக் கையில் எடுத்தார்.

“மத்ததெல்லாம் ஓண்ட கிற்றார் எண்டாயே. அதயும் போடு.”

முதல் துண்டைப் போட்டேன். ஐந்து நிமிடம். அவர் அசையாமல் கேட்டார். நடுவில் ஓர் இடத்தில், நான் ஒரு சுரத்தை விட்டுவிட்டு எதிரொலி திரும்பி வரக் காத்திருக்கும் இடத்தில், அவருடைய விரலும் அந்தரத்தில் காத்திருந்தது. இருபத்தொரு வருடத்தில் அந்த இடத்தைப் பிடித்த ஒரே மனிதர்.

“நல்லாத்தானே ஈக்கு” என்றார். “இத ஏன் ஒருத்தரும் கேக்கிறாங்க இல்ல?”

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. உலகத்தில் எவனாவது ஒருவன் சொல்ல மாட்டானா என்று ஏங்கிக் கிடந்த வார்த்தை, போயும் போயும் இவர் வாயிலிருந்தா வர வேண்டும்?

“கையெழுத்து வெக்கிறன்” என்றார் காக்கா. “ஆனா ஒண்டு. நீ நம்மட பள்ளியில, அந்த மைக்கில, ஜும்ஆவுக்குப் பொறகு, நடந்தத ஓண்ட வாயால செல்லணும். உள்ளுக்கு மட்டுமில்ல, ஹோர்னயும் போட்டுச் செல்லு. அண்டைக்குப் பொம்புளயளும் கேட்டாங்க, களப்புல வல போட்டவனும் கேட்டான். எல்லாரும் கேக்கட்டும்.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன், டோபியாஸைத் திட்டினேன், கடைசியில் என்னைத் திட்டினேன். இந்தக் கரையில் பதினொரு பள்ளிகளின் அம்பிளிபயர்ப் பெட்டித் திறப்புக்கொத்து என் கையில் இருக்கிறது. மோதினாரின் மானத்தை ஹோர்னில் ஓடவிட்டு மேலே இருந்து கேட்டவன் என்று தெரிந்தால் எந்தப் பள்ளி என்னை உள்ளே விடும்? வெண்ணெய் திரளும்போதுதானா தாழி உடைய வேண்டும்?

பேதுருவிடம் முழுவதையும் சொன்னேன். அவன் வலையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

“எங்கட ஆக்கள் பாவசங்கீர்த்தனம் எண்டா ஃபாதர்ட காதுக்குள்ள சொல்லுவம்” என்றான். “உங்கட ஆள் ஹோர்ன் பூட்டிச் சொல்லச் சொல்றார். சரிதானே மச்சான், குற்றமும் ஹோர்னிலதானே நடந்தது.”

“நீயும் ஒரு சினேகிதனாடா?”

“சினேகிதன் எண்டபடியாத்தான் சொல்றன். தட்டு வராட்டிப் போகட்டும். இத நீ எப்பவோ சொல்லியிருக்கணும்.”

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆவுக்கு முன்பே போய் அம்பிளிபயரைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். அபூசாலி காக்கா பஸ்ஸில் வந்து இறங்கி, கடைசி வரிசையில் கதிரை போட்டு இருந்தார். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்குள் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான். வயதானவர்கள் சிலர் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார்கள். இளந்தாரிகளுக்கு அவர் யாரென்று தெரியவில்லை.

தொழுகை முடிந்ததும், ஓர் அறிவித்தல் இருக்கிறது என்று தலைவரிடம் சொல்லி மைக்கைப் பிடித்தேன். ஹோர்ன் ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு லைற் பற்றியது. ஆட்கள் எழும்பாமல் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

எத்தனையோ கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் மைக் சோதித்த வாய் இது. ஒரு சலாம்கூட வரவில்லை. மூச்சு மட்டும் போய் வந்தது. அந்த மூச்சை மைக் எடுத்தது, ஹோர்ன் எடுத்தது. களப்பு வரைக்கும் அது போவது எனக்கே கேட்டது. வெளியே யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் இன்னொருவரை முழங்கையால் இடித்தார். முகமெல்லாம் வேர்த்து நான் அப்படியே நின்றேன்.

அப்போது கடைசி வரிசையில் கதிரை தரையில் உரசியது. அபூசாலி காக்கா எழும்பிவிட்டார். சுவரைப் பிடித்து, ஆட்களின் தோளைப் பிடித்து, இழுக்க இழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தார். வந்து கையை நீட்டி ஸ்விட்சை நிறுத்தினார். லைற் அணைந்தது. தொய்வுக்காரர், கடைசி வரிசையிலிருந்து வந்தவர், அவருக்கு வந்து சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“ஏலாட்டி வுடு, தம்பி” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. “கையெழுத்து வெச்சுத் தாறன். ஊருக்கு முன்னால இப்பிடி நிக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும்.”

அவருடைய கை இன்னும் ஸ்விட்சின் மேலேயே இருந்தது. நான் அந்தக் கையை மெதுவாக எடுத்து, என் கைக்குள் வைத்துக்கொண்டேன். மற்றக் கையால் ஹோர்னை மறுபடி போட்டேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்றேன். இந்தத் தரம் குரல் வந்தது. “இந்தச் சிவப்பு லைற் இருபத்தொரு வருசத்துக்கு முந்தி ஒரு நோன்புல பத்தாம ஈந்திச்சு. மாத்தித் தரச் செல்லி மோதினார் என்னட்ட மூணு தரம் செல்லியும் நான் மாத்தல்ல. அந்த லைற் பத்தாததாலதான் அண்டைக்கு அவருக்கு மைக் போட்டு ஈந்தது தெரியல்ல. எனக்குத் தெரியும். ரெண்டு நிமிசத்துல வந்து நிறுத்தியிருக்கலாம். நான் வரல்ல. பதினாலு நிமிசமும் மேல இருந்து கேட்டுக்கொண்டு ஈந்தன்.”